ஆல்பனியில் பதினெட்டு ஆண்டுகள்: நீதிபதி பெஞ்சமின் கார்டோசோவும் கவனக் கடமைக் கோட்பாட்டின் வளர்ச்சியும் (1914–1932)

1. முன்னுரை

அமெரிக்க நீதித்துறை என்றால் நம் சட்ட மாணவர்களுக்கு முதலில் நினைவில் எழுவது வாஷிங்டனிலுள்ள உச்ச நீதிமன்றம்தான். ஆனால் காரின் சக்கரம் உடைந்து காயம்பட்டவருக்கு யார் இழப்பீடு தர வேண்டும், கூட்டு வியாபாரத்தில் ஒருவர் மற்றவரிடம் எதை மறைக்கக் கூடாது என்பன போன்ற அன்றாட வழக்குகளில் அங்கே கடைசி வார்த்தை சொல்வது மாநில நீதிமன்றமே. இந்தியாவில் இழப்பீட்டு வழக்கும் ஒப்பந்த வழக்கும் உயர் நீதிமன்றத்தைத் தாண்டி டெல்லி வரை போகலாம். அங்கே அறிவிக்கப்படும் சட்டம், அரசியலமைப்பின் 141ஆம் பிரிவின்படி, நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும். அமெரிக்காவில் மாநிலப் பொதுச்சட்டத்தின் பொருளை அந்தந்த மாநிலத்தின் உயர்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்துவிட்டால் அதற்கு மேல் முறையீடு கிடையாது.

இந்த அமைப்பில் ஒரு மாநில நீதிபதி எவ்வளவு தூரம் சட்டத்தை நகர்த்த முடியும்? ஆல்பனி நகரிலுள்ள நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 1914 முதல் 1932 வரை பணியாற்றிய பெஞ்சமின் நேத்தன் கார்டோசோவின் பணிக்காலத்தை வைத்து இக்கட்டுரை இக்கேள்வியை ஆராய்கிறது. அவர் பின்னர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் ஆறாண்டுகள் இருந்தார். எனினும் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் அவருடைய தீர்ப்புகளில் மிகப் பெரும்பாலானவை ஆல்பனியில் எழுதப்பட்டவை. பழைய தீர்ப்புகளைப் புதிய வரிசையில் அடுக்குவதும், வழக்கின் விவரங்களில் எதைச் சொல்வது எதை விடுவது என்று தேர்வதுமே அவருடைய இரு கருவிகள். 1916இல் பொறுப்பின் எல்லையை விரித்த அதே கருவிகள்தாம் 1928இல் அதைச் சுருக்கவும் பயன்பட்டன என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. குடும்பப் பின்னணியும் வழக்கறிஞர் வாழ்வும்

கார்டோசோ 1870 மே 24 அன்று நியூயார்க் நகரில், எமிலி என்ற சகோதரியுடன் இரட்டையராகப் பிறந்தார். ஐபீரிய வம்சாவளி யூதக் குடும்பம். அமெரிக்க விடுதலைக்கு முன்பே குடியேறிய மரபு. தந்தை ஆல்பர்ட் கார்டோசோ நியூயார்க் மாநில ‘சுப்ரீம் கோர்ட்’ நீதிபதி. பெயர் அப்படியிருந்தாலும் அம்மாநிலத்தில் அது அடிப்படையில் விசாரணை நீதிமன்றம். உச்சியில் இருப்பது ஆல்பனியிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம். நகர அரசியலை ஆட்டிப்படைத்த டாமனி ஹால் கட்சி இயந்திரத்துடன் ஆல்பர்ட் நெருக்கமாக இருந்தார். ஊழல் குற்றச்சாட்டுகளை விசாரித்த சட்டமன்றக் குழு பதவிநீக்க நடவடிக்கைக்குப் பரிந்துரைத்ததும் 1872இல் பதவி விலகினார். அப்போது மகனுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. ஒன்பது வயதில் தாயையும் பதினைந்து வயதில் தந்தையையும் பெஞ்சமின் இழந்தார்.

பதினைந்து வயதில் கொலம்பியா கல்லூரியில் சேர்ந்த அவர் 1889இல் பட்டம் பெற்றார். பின்னர் அங்கேயே இரண்டாண்டுகள் சட்டம் படித்து, சட்டப் பட்டம் பெறாமலே 1891இல் வழக்கறிஞராகப் பதிவு செய்து அண்ணனுடன் தொழில் தொடங்கினார். பிற வழக்கறிஞர்கள் சிக்கலான மேல்முறையீடுகளை அவரிடம் ஒப்படைத்தனர். மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அதிகார வரம்பு பற்றி 1903இல் அவர் வெளியிட்ட நூலும் வழக்கறிஞர்களுக்கானதே. நீதிமன்ற மேடையில் ஏறுவதற்குப் பத்தாண்டு முன்பே அந்த நீதிமன்றத்தின் கதவுகள் எங்கே திறக்கும், எங்கே மூடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1913இல் டாமனி ஹாலுக்கு எதிராகத் திரண்ட கூட்டணி அவரைத் தந்தை விட்டுச் சென்ற அதே நீதிமன்றத்துக்கு வேட்பாளராக நிறுத்தியது. குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்று 1914 ஜனவரியில் பொறுப்பேற்றார். தேங்கிக் கிடந்த வழக்குகளைத் தீர்க்க, கீழ் நீதிமன்ற நீதிபதிகளைத் தற்காலிகமாக மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பும் ஏற்பாடு அப்போது இருந்தது. அந்த ஏற்பாட்டின்கீழ், ஒரு மாதத்திற்குள்ளேயே ஆளுநர் மார்ட்டின் கிளின் அவரை ஆல்பனிக்கு நியமித்தார். அந்நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் யூதர் அவரே. 1917இல் நிரந்தர இடம் பெற்று, அவ்வாண்டுத் தேர்தலில் முழுப் பதவிக்காலத்துக்கும் தேர்வானார். 1927 முதல் தலைமை நீதிபதி. கடைசி வரை திருமணம் செய்துகொள்ளாமல், மூத்த சகோதரி எலன் 1929இல் இறக்கும் வரை அவருடனேயே வாழ்ந்தார். தந்தையின் களங்கத்தைத் துடைக்கவே நீதிபதியானார் என்று அவர் வரலாற்றை ஒற்றை வரியில் சுருக்குவோர் உண்டு. அவர் தீர்ப்புகள் அதைவிட அதிகம் பேசுகின்றன.

3. கார்டோசோவுக்கு முன்: ஒப்பந்தத்தின் வேலி

1842இல் இங்கிலாந்தில் முடிவான விண்டர்பாட்டம் எதிர் ரைட் வழக்கில் தபால் வண்டி பழுதால் வண்டியோட்டி காயமடைந்தார். வண்டியைப் பழுதின்றி வைத்திருப்பதாக ஒப்புக்கொண்டவர் தபால் துறைத் தலைவருடன்தான் ஒப்பந்தம் செய்திருந்தார்; வண்டியோட்டியுடன் அல்ல. ஆகவே பொறுப்பில்லை என்றது நீதிமன்றம். ஒப்பந்த உறவு இல்லாதவருக்கு ஒப்பந்தத்தின் வழியே எழும் கவனக் கடமை இல்லை என்ற இந்த விதி அமெரிக்காவிலும் வேரூன்றியது.

நியூயார்க் நீதிமன்றம் பத்தாண்டுக்குள் இதில் ஒரு துளை இட்டது. 1852ஆம் ஆண்டின் தாமஸ் எதிர் வின்செஸ்டர் வழக்கில் பெல்லடோனா என்ற நச்சுமருந்துக்கு வேறொரு சாதாரண மூலிகைச் சாற்றின் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. இடையில் எத்தனை கை மாறினாலும் சீட்டு ஒட்டியவரே பொறுப்பு, ஏனெனில் நஞ்சு இயல்பிலேயே உயிருக்கு ஆபத்தான பொருள் என்று தீர்ப்பானது. அதற்குப் பின் வந்த வழக்குகள் நேர்கோட்டில் செல்லவில்லை. வட்ட ரம்பத்தின் சமநிலைச் சக்கரம் வெடித்தபோதும் (1870) நீராவிக் கொதிகலன் வெடித்தபோதும் (1873) தயாரிப்பாளர் தப்பினார். ஓவியத் தொழிலாளி நின்ற சாரம் சரிந்தபோது (1882) சாரம் கட்டியவர் மாட்டினார். காற்றடைத்த நீர்ப்புட்டி (1908), பெரிய காபி கொதிகலம் (1909) வழக்குகளிலும் தயாரிப்பாளரின் பொறுப்பு ஏற்கப்பட்டது. 1914இல் ஒரு வழக்கறிஞர் இவற்றைப் படித்திருந்தால், பொது விதி விண்டர்பாட்டம் என்றும் மற்றவை ஒட்டுப்போட்ட விதிவிலக்குகள் என்றும் சொல்லியிருப்பார்.

4. மக்ஃபர்சன் எதிர் பியூக் (1916)

டொனால்ட் மக்ஃபர்சன் கல்லறைக் கற்கள் செதுக்குபவர். ஸ்கெனெக்டடி நகர முகவரிடம் அவர் வாங்கிய பியூக் காரின் மரச் சக்கரத்தின் ஆரங்கள் ஓடும்போதே நொறுங்க, அவர் தூக்கி எறியப்பட்டார். சக்கரத்தைச் செய்தது வேறொரு நிறுவனம். பியூக் அதை வாங்கிப் பொருத்தியது. முறையாகச் சோதித்திருந்தால் குறை தெரிந்திருக்கும், சோதனை நடக்கவில்லை என்பதற்குச் சாட்சியம் இருந்தது. ஜூரி வாதிக்குச் சாதகமாக முடிவு சொன்னது. வழக்கு ஆல்பனிக்கு வந்தது.

கார்டோசோ விண்டர்பாட்டத்தை நேரடியாகத் தாக்கவில்லை. மாநிலத்தின் சொந்தத் தீர்ப்புகளை மறுபடி அடுக்கினார். நஞ்சு வழக்கை அடித்தளமாக வைத்தார். ரம்ப, கொதிகலன் வழக்குகளை அவற்றின் தனி விவரங்களுக்குள் ஒதுக்கினார். சாரமும் காபி கொதிகலமும் இயல்பில் நஞ்சல்லவே, ஆயினும் பொறுப்பு ஏற்கப்பட்டதே என்று சுட்டினார். ஆகவே கேள்வி பொருளின் இனம் பற்றியதல்ல. கவனக்குறைவாகச் செய்தால் அது உயிருக்கு ஆபத்தாகுமா, வாங்கியவர் தவிர மற்றவரும் அதைச் சோதிக்காமல் பயன்படுத்துவார்கள் என்பது தயாரிப்பாளருக்குத் தெரியுமா என்பதே. கார் மூன்று பேர் அமரும்படி செய்யப்பட்டது. ஒப்பந்த உறவு இருந்ததோ முகவருடன் மட்டும். அந்த முகவர்தான் அதில் பயணம் செய்யமாட்டார் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள். அவரைக் காப்பதற்காக மட்டும் சட்டம் இருக்கிறதென்றால் அது நகைப்புக்குரியதாகிவிடும். குதிரைவண்டிக் காலத் தீர்ப்புகளில் நிலைப்பது கொள்கைதான், அது பொருந்தும் பொருள்கள் காலத்துக்கேற்ப மாறும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

தலைமை நீதிபதி வில்லர்ட் பார்ட்லெட் மட்டும் மாறுபட்டார். கார் மணிக்கு எட்டு மைல் வேகத்தில்தான் சென்றது, அதே வேகத்தில் செல்லும் குதிரைவண்டியின் பழுதான சக்கரத்தைவிட அதன் சக்கரம் அதிக ஆபத்தானதல்ல என்று எழுதினார். முன்தீர்ப்புகளின் நேர்ப்பொருளைப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. கார்டோசோவின் தீர்ப்பில் அந்த வேகம் பற்றிப் பேச்சே இல்லை.

தீர்ப்பின் பாய்ச்சலுக்கு ஒரு நல்ல அளவுகோல் காடிலாக் வழக்கு. ஏறக்குறைய அதே விவரங்களுடன், மக்கிப்போன மரச் சக்கரம் உடைந்த வழக்கில், நியூயார்க்கை உள்ளடக்கிய கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1915இல் தயாரிப்பாளருக்குப் பொறுப்பில்லை என்றது. அதே வழக்கு மறுபடி வந்தபோது, 1919இல், தன் பழைய முடிவைத் தானே கைவிட்டது. மாநிலத் தீர்ப்பு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அந்நாளில் அது ஒதுங்கியிருக்கலாம், ஒதுங்கவில்லை. மாசசூசெட்ஸ் 1946இல்தான் பழைய விதியை விட்டது என்பதைப் பார்க்கும்போது இந்தப் பரவல் தானாக நிகழ்ந்ததல்ல, நீதிமன்றம் நீதிமன்றமாக ஏற்கப்பட்டே நிகழ்ந்தது என்பது விளங்கும். 1932இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை டோனகியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கை முடிவு செய்தபோது அட்கின் பிரபு மக்ஃபர்சன் தீர்ப்பை மேற்கோள் காட்டினார். இந்திய நீதிமன்றங்கள் கவனக்குறைவுச் சட்டத்துக்கு அடிப்படையாகக் கொள்வது டோனகியூவைத்தான். தயாரிப்புப் பொறுப்பு இன்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தனி அத்தியாயமாகவே இருக்கிறது.

5. ஏழு பேரில் ஒருவர்

கார்டோசோவைத் தனி மேதையாக வரைவது எளிது. நீதிமன்றம் வேலை செய்த விதம் அதற்கு இடம் தருவதில்லை. நீதிபதிகள் ஏழு பேர். பொதுவாகச் சட்டக் கேள்விகளை மட்டுமே எடுப்பார்கள். விவரங்கள் கீழ் நீதிமன்றத்தில் முடிந்தவை. எந்த வழக்கை யார் எழுதுவது என்பதும் முறைவைத்தே வந்தது. கையில் விழுந்த வழக்கை வைத்து மூவரையாவது தன் பக்கம் கொண்டுவர வேண்டும்.

பல வழக்குகளில் அந்த மூவர் மட்டுமே வந்தார்கள். உடை வடிவமைப்பாளர் லேடி டஃப்-கார்டனின் முகவர், உழைப்பதாக ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் உழைக்கும் கடமை அதில் உட்கிடை என்ற தீர்ப்பு (1917) நான்குக்கு மூன்று. ஒப்பந்தத்தில் சொன்ன ரெடிங் நிறுவனக் குழாய்க்குப் பதில் அதே தரமுள்ள வேறு குழாய் பதித்த கட்டுமானக்காரருக்கு, 77,000 டாலருக்கும் மேல் செலவான வீட்டில் மீதமிருந்த 3,483 டாலர் 46 சென்ட்டைக் கொடுக்கச் சொன்ன ஜேக்கப் அண்ட் யங்ஸ் எதிர் கென்ட் (1921) நான்குக்கு மூன்று. ஹார்லெம் ஆற்றில் குதிக்க, ரயில்வே நிலத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பலகையில் நின்ற பதினாறு வயதுச் சிறுவன் மேல் ரயில்வேயின் மின்கம்பி விழுந்து அவன் இறந்தான். அவன் அத்துமீறி நுழைந்தவன் என்று தள்ளுபடியான வழக்கை மீட்ட ஹைன்ஸ் தீர்ப்பும் (1921) அப்படியே. கூட்டு முயற்சியில் ஈடுபட்டவர்கள் ஒருவருக்கொருவர் சந்தை நேர்மையைவிட உயர்ந்த விசுவாசம் காட்ட வேண்டும் என்ற மெய்ன்ஹார்ட் எதிர் சால்மன் (1928) தீர்ப்பும் ஒரே வாக்கில் நின்றது. இன்று அசையாத கோட்பாடுகளாகத் தோன்றும் இவை ஒவ்வொன்றும் ஒரு சக நீதிபதி மனம் மாறியிருந்தால் இல்லாமலே போயிருக்கும். அவருடைய நடையின் இறுக்கத்தை அலங்காரம் என்று மட்டும் கொள்வது போதாது. அது முதலில் அறையிலிருந்த ஆறு பேரை நோக்கி எழுதப்பட்டது.

இந்தப் பணியை அவரே வெளிப்படையாக விளக்கினார். 1921இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய ஸ்டோர்ஸ் சொற்பொழிவுகள் அவ்வாண்டே ‘நீதிச் செயல்முறையின் இயல்பு’ என்ற பொருளுடைய நூலாக வந்தன. தர்க்கம், வரலாறு, வழக்கம், சமூக நலன் என நான்கு வழிகளில் நீதிபதி முடிவுக்கு வருகிறார் என்றார். பெரும்பாலான வழக்குகளில் விடை ஒன்றே. எஞ்சும் சிறு பகுதியில் நீதிபதி சட்டத்தை ஆக்கவே செய்கிறார், ஆனால் இடைவெளிகளுக்குள் நின்றபடி என்பது அவர் கருத்து. நீதிபதிகள் சட்டத்தைக் கண்டெடுக்கிறார்களே தவிர ஆக்குவதில்லை என்று பலர் சொல்லிவந்த காலத்தில் பதவியில் இருக்கும் ஒருவரே இதை ஒப்புக்கொண்டது புதிது.

6. எல்லை சுருங்கிய ஆண்டுகள்

1920களின் இறுதியில் கேள்வி தலைகீழானது. ஒப்பந்த வேலி விழுந்தபின் கவனக் கடமை எங்கே நிற்கும்?

1924 ஆகஸ்ட் 24 அன்று ஹெலன் பால்ஸ்கிராஃப் தன் மகள்களுடன் கடற்கரைக்குப் போக, நியூயார்க்கின் ஈஸ்ட் நியூயார்க் ரயில் நிலைய மேடையில் நின்றிருந்தார். நகரத் தொடங்கிய வேறொரு ரயிலில் ஏற முயன்றவரை ஊழியர் ஒருவர் இழுக்க, மற்றவர் பின்னாலிருந்து தள்ள, அவர் கையிலிருந்த பொட்டலம் தண்டவாளத்தில் விழுந்து வெடித்தது. உள்ளே இருந்தது பட்டாசு. அதிர்ச்சியில் மேடையிலிருந்த எடைமேடை சரிந்து அப்பெண்மணியைத் தாக்கியது. ஜூரி 6,000 டாலர் வழங்கியது. இடைநிலை நீதிமன்றம் உறுதி செய்தது. 1928இல் கார்டோசோ நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அதைக் கவிழ்த்தார். கவனக்குறைவு என்பது காற்றில் மிதப்பதல்ல. எந்த ஆபத்தை முன்னுணர முடியுமோ அந்த ஆபத்துக்குள் இருப்பவருக்கே கடமை. பொட்டலத்துக்குரியவருக்கு ஊழியர் தவறிழைத்திருக்கலாம், தொலைவில் நின்றவருக்கு இழைக்கவில்லை என்பது முடிவு. மாறுபட்ட வில்லியம் ஆண்ட்ரூஸ், கடமை உலகம் முழுவதற்கும் உரியது; விளைவுச் சங்கிலியை எங்கே அறுப்பது என்பது தர்க்கமல்ல, நடைமுறை விவேகம் என்றார்.

அதே ஆண்டில் மோக் வழக்கில், தீயணைப்புக் குழாயில் போதிய நீரழுத்தம் தராத குடிநீர் நிறுவனம், கிடங்கு எரிந்துபோனவருக்குப் பொறுப்பல்ல என்றார். 1931இல் அல்ட்ராமேர்ஸ் எதிர் டூஷ் வழக்கில், திவாலான நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்புக்குத் தணிக்கைச் சான்று அளித்து 32 பிரதிகள் கொடுத்த கணக்காளர்கள், அதை நம்பிக் கடன் கொடுத்த முன்பின் அறியாத நிறுவனத்துக்குச் சாதாரணக் கவனக்குறைவுக்காகப் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்றார். தொகைக்கும் காலத்துக்கும் ஆட்களுக்கும் வரையறை இல்லாத பொறுப்பு ஒரு தொழிலையே முடக்கிவிடும் என்பது கவலை. ஆனால் நம்பிக்கையே இல்லாமல் சான்று கொடுத்தால் அது மோசடியாகலாம் என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்தார். சக்கரம் உடைந்து எலும்பு முறிவதற்கும் ஏட்டில் எழுதிய எண்ணால் பணம் போவதற்கும் இடையே அவர் இழுத்த கோடு இன்றும் பொருளாதார இழப்பு வழக்குகளில் விவாதப் பொருள்.

7. விமர்சன மரபு

ஜான் நூனன் 1976இல் வெளியிட்ட ஆய்வில், பால்ஸ்கிராஃப் தீர்ப்பு அப்பெண்ணின் வாழ்வையும் காயத்தையும் பற்றி ஏறத்தாழ எதுவும் சொல்லாததைக் கடுமையாக விமர்சித்தார். எல்லா நீதிமன்றங்களின் செலவுத்தொகையையும் அவர் மேல் சுமத்தியதையும் சுட்டினார். ரிச்சர்ட் போஸ்னர் (1990) மேற்கோள் எண்ணிக்கைகளை வைத்து கார்டோசோவின் புகழுக்கு அடிப்படை உண்டு என்று காட்டினார். அதில் நடையின் பங்கையும் மறைக்கவில்லை. ஆண்ட்ரூ காஃப்மன் (1998) எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு, புதுமையாளர் என்ற படிமத்தைத் தணித்து, சட்டமன்றத்தின் இடத்தையும் முன்தீர்ப்பையும் மதித்த எச்சரிக்கையான நீதிபதியாக அவரைக் காட்டுகிறது.

நூனனின் குற்றச்சாட்டை மக்ஃபர்சனோடு சேர்த்து வாசித்தால் வேறொன்று தெரிகிறது. எட்டு மைல் வேகத்தை விட்டதால் காயம்பட்டவர் வென்றார். பெண்மணியின் வாழ்வை விட்டதால் காயம்பட்டவர் தோற்றார். விவரத்தை உரித்தெடுத்து விதியை மட்டும் நிறுத்துவது ஒரே தொழில்முறை. வெற்றி பெற்றவரிடம் அதை மதிநுட்பம் என்றும் தோற்றவரிடம் இரக்கமின்மை என்றும் இரண்டு பெயரால் அழைக்க முடியாது.

8. முடிவுரை

1932 பிப்ரவரியில் அதிபர் ஹூவர், ஆலிவர் வென்டல் ஹோம்ஸ் விட்டுச்சென்ற உச்ச நீதிமன்ற இடத்துக்குக் கார்டோசோவை நியமித்தார். செனட் ஒருமனதாக ஏற்றது. 1938 ஏப்ரலில், மாநிலப் பொதுச்சட்டக் கேள்விகளில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் மாநில நீதிமன்றங்களின் தீர்ப்பைப் பின்பற்ற வேண்டும் என்று ஈரி ரயில்ரோடு எதிர் டாம்ப்கின்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறிவித்தபோது, நோயுற்றிருந்த அவர் அதில் பங்கேற்கவில்லை. ஜூலை 9 அன்று காலமானார். ஆல்பனியில் அவர் செய்த வேலைக்கு ஈரி சட்ட அந்தஸ்து கொடுத்தது. அதற்கு முன் காடிலாக் வழக்கு நீதிமன்றத்தைத் திருப்பியது அந்தஸ்தல்ல, காரண விளக்கத்தின் பலம்.

அந்த விளக்கம் முடிவைவிட நீண்டகாலம் வாழும் என்பதற்கு அவருடைய முதல் ஆண்டுத் தீர்ப்பே சான்று. 1914ஆம் ஆண்டின் ஷ்லோன்டார்ஃப் வழக்கில், சோதனைக்கு மட்டும் சம்மதித்த நோயாளிக்கு அறுவைசிகிச்சை செய்யப்பட்டது. மனத்தெளிவுள்ள வயதுவந்தவருக்குத் தன் உடல் பற்றி முடிவெடுக்கும் உரிமை உண்டு என்று கார்டோசோ எழுதினார். ஆனால் தொண்டு மருத்துவமனை பொறுப்பல்ல என்று கூறி அந்த நோயாளியைத் தோற்கடித்தார். தொண்டு மருத்துவமனை விலக்கை நியூயார்க் நீதிமன்றமே 1957இல் பிங் எதிர் துனிக் வழக்கில் தூக்கி எறிந்தது. உடல் உரிமை பற்றிய வாசகத்தையோ 2018இல் காமன் காஸ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, செயற்கை உயிர்காப்பை மறுக்கும் உரிமையை ஆராய்ந்தபோது எடுத்தாண்டது. மாநில மேல்முறையீட்டு நீதிபதியின் உத்தரவு மாநில எல்லையில் நின்றுவிடும். தன் நீதிமன்றமே அதை மாற்றவும் செய்யும். அதைத் தாண்டிப் போவது, அதைப் பின்பற்றக் கடமைப்படாத நீதிபதி ஒருவரும் ஏற்கும்படி எழுதப்பட்ட காரணம் மட்டுமே. அப்படி எழுதும் திறன் நன்மைக்கும் தீமைக்கும் ஒருங்கே உதவும் என்பதால்தான், கார்டோசோவின் தீர்ப்புகளை அவற்றின் மாறுபட்ட தீர்ப்புகளோடும் கீழ் நீதிமன்றப் பதிவுகளோடும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.